தொலைவை அளக்க வந்தவர்

நுழையும்முன்

இரு பொருள்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பு விசை, அவற்றின் நிறையையும் அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவையும் பொறுத்து அமைகிறது. அறிவியல் பாடத்தில் ஒரு வரியில் நாம் படித்துவிடும் இவ்வுண்மையை வானத்தில் பொருத்திப் பார்ப்பதற்காகக் கடலையும் போரையும் நோயையும் கடந்து சென்றோர் பலர். அவர்களுள் ஒருவர் புதுச்சேரியில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வாழ்ந்தார். அவருடைய வாழ்க்கையை அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

இளமையும் கல்வியும்

புதுச்சேரியின் பாரதி பூங்காவும் அதன் சுற்றுப்புறமும் அமைந்துள்ள பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களின் கோட்டையும் ஆளுநர் மாளிகையும் இருந்தன. 1761ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர் அவை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அந்த இடிபாடுகளின்மேல், 1768ஆம் ஆண்டில் சிறியதொரு வானாய்வுக் கூடம் எழுந்தது. அதில் அமர்ந்து இரவுதோறும் வானை நோக்கியவர் கியோம் லெ ஜான்தி என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் ஆவார்.

லெ ஜான்தி 1725ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் உள்ள கூத்தான்சு என்னும் ஊரில் பிறந்தார். சமயப் பணியில் ஈடுபடும் நோக்குடன் பாரிசுக்குக் கல்வி கற்கச் சென்றார். அங்கு ழோசப் தெலீல் என்னும் வானியல் பேராசிரியரின் உரைகளைக் கேட்டபின் அவருடைய உள்ளம் விண்ணை நோக்கித் திரும்பியது. பாரிசு வானாய்வகத்தில் பயிற்சி பெற்ற அவர், ஆந்திரமேடா விண்மீன் திரளின் அருகில் உள்ள சிறிய துணைத் திரள் ஒன்றை 1749ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1753ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். அமைதியான ஆய்வு வாழ்க்கை அவருக்குக் காத்திருந்தது. எனினும் அவர் வேறொரு பணியை விரும்பி ஏற்றார்.

அளவுகோல் இல்லாத வரைபடம்

அப்பணி யாது என்பதை அறிய வேண்டுமாயின், அக்கால வானியலின் நிலையை நாம் உணர்தல் வேண்டும். 1687ஆம் ஆண்டில் நியூட்டன் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். இரு பொருள்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பு விசை அவற்றின் நிறைகளின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவில் இருக்கும். அவற்றின் மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருக்கும். ஒரு பொருளின் நிறை இரு மடங்கானால் விசையும் இரு மடங்காகும். தொலைவு இரு மடங்கானாலோ விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்.

இவ்விதியைக் கொண்டு சூரியனின் நிறையைக் கணக்கிட முடியும். புவி ஓராண்டில் ஒருமுறை சூரியனைச் சுற்றிவருகிறது. சூரியன் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது தெரிந்தால், புவியை அது எவ்வளவு வலிமையுடன் இழுக்கிறது என்பது புலப்படும். அதிலிருந்து அதன் நிறை கிடைத்துவிடும். ஆனால், அத்தொலைவை எவரும் துல்லியமாக அறிந்திருக்கவில்லை. கெப்ளரின் விதிகளால் கோள்களின் தொலைவு விகிதங்கள் மட்டுமே தெரிந்திருந்தன. சூரியனிலிருந்து புவியின் தொலைவை 1 எனக் கொண்டால் வெள்ளியின் தொலைவு 0.72 ஆகும். அந்த 1 என்பது எத்தனை கல் தொலைவு என்பதுதான் விளங்கவில்லை. சூரியக் குடும்பத்தின் வரைபடம் கையில் இருந்தது. அதற்குரிய அளவுகோல் இல்லை.

தொலைவில் நேரும் பிழை நிறையில் பெருகி வெளிப்படும். சுற்றிவரும் காலம் மாறாதிருக்க, சூரியனின் நிறை தொலைவின் மும்மடியைப் பொறுத்து அமைகிறது. ஆகவே, தொலைவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கணக்கிட்டால் நிறை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். நியூட்டனுக்கும் இந்த இடர் நேர்ந்தது. தம் நூலின் மூன்றாம் பதிப்பில் சூரியன் புவியைப்போல் 1,69,282 மடங்கு நிறையுடையது என்று அவர் கணக்கிட்டிருந்தார். உண்மை மதிப்பு ஏறத்தாழ 3,33,000 மடங்காகும். விதி சரியானது, அதில் இடுவதற்குச் சரியான தொலைவு கிடைக்கவில்லை.

அத்தொலைவை அறிய ஆங்கில வானியலறிஞர் எட்மண்ட் ஹாலி 1716ஆம் ஆண்டில் ஒரு வழியை விளக்கினார். மிக அரிதாக வெள்ளிக் கோள், புவிக்கும் சூரியனுக்கும் இடையே ஒரே நேர்க்கோட்டில் வந்து, சூரிய வட்டத்தின்மீது கரும்புள்ளியாக நகர்ந்து செல்லும். இந்நிகழ்வு வெள்ளி இடைநகர்வு எனப்படும். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறிமாறிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரில் விரல் இடம் மாறித் தோன்றும். அதுபோலவே, புவியில் வெகு தொலைவில் உள்ள இரண்டு ஊர்களிலிருந்து நோக்கும்போது வெள்ளி சூரிய வட்டத்தின்மீது சற்று வேறுபட்ட பாதைகளில் நகரும். அவ்வேறுபாட்டையும் ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவையும் கொண்டு சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம்.

அடுத்த இடைநகர்வுகள் 1761ஆம் ஆண்டிலும் 1769ஆம் ஆண்டிலும் நிகழ இருந்தன. அவற்றுக்குப்பின் 1874ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். எனவே, பல நாட்டு அறிஞர்கள் உலகின் பல மூலைகளுக்கும் புறப்பட்டனர். லெ ஜான்தி புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்தார்.

கடலில் கழிந்த நாள்

1760ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து அவர் கப்பலேறினார். ஜூலைத் திங்களில் மொரீசியசுத் தீவை அடைந்தார். அப்போது பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே போர் மூண்டிருந்தது. புதுச்சேரி முற்றுகையிடப்பட்டுள்ளது என்னும் செய்தி அங்கு அவரை எட்டியது. பல மாதங்கள் காத்திருந்தபின், 1761ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சோழமண்டலக் கரை நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்தது.

பருவக்காற்று அக்கப்பலை அலைக்கழித்தது. மே மாத இறுதியில் மலையாளக் கரையில் உள்ள மாகேயை அது நெருங்கியபோது, மாகேயும் புதுச்சேரியும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டன என்பது தெரிய வந்தது. புதுச்சேரி அவ்வாண்டு ஜனவரித் திங்களிலேயே பணிந்திருந்தது. நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கர் காலமானதும் அதே ஜனவரியில், வீழ்ச்சிக்குச் சில நாள்களுக்கு முன்னர்தான். பகைவர் வசமான துறைமுகத்துக்குள் நுழைய இயலாமல் கப்பல் மொரீசியசுக்கே திரும்பியது.

1761ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் வானம் தெளிவாக இருந்தது. வெள்ளி சூரியனைக் கடந்து சென்றது. லெ ஜான்தி அதனைக் கண்டார். ஆனால் இந்தியப் பெருங்கடலின் நடுவே, அசைந்தாடும் கப்பலின் தளத்திலிருந்து கண்டார். கணக்கீட்டுக்கு இரண்டு தரவுகள் இன்றியமையாதவை: நோக்குபவர் நிற்கும் இடத்தின் துல்லியமான அட்சக்கோடு, தீர்க்கக்கோடு, நிகழ்வின் துல்லியமான நேரம். ஓடும் கப்பலில் இடம் நிலையாக இல்லை. ஆடும் தளத்தில் ஊசல் கடிகாரம் சீராக ஓடாது. எனவே, அவர் கண்ட காட்சி கணக்குக்கு உதவவில்லை. அதே நாளில் சென்னையில் ஆங்கிலேயர்கள் தரையில் நின்று அந்நிகழ்வைப் பதிவு செய்தனர்.

எட்டாண்டுக் காத்திருப்பு

ஊர் திரும்புவதே எவரும் செய்யக்கூடியது. லெ ஜான்தியோ 1769ஆம் ஆண்டு இடைநகர்வைக் கண்டபிறகே திரும்புவது என முடிவு செய்தார். இடைப்பட்ட காலத்தை வீணாக்காமல் மடகாசுகர்த் தீவின் கிழக்குக் கரையை ஆராய்ந்தார்; காற்று, கடல் நீரோட்டம், மக்கள் வாழ்க்கை ஆகியவற்றைக் குறித்துவைத்தார்.

அடுத்த இடைநகர்வைக் காணப் பிலிப்பைன்சின் மணிலா ஏற்ற இடம் என்று அவர் கணித்தார். 1766ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அங்குச் சென்று சேர்ந்தார். ஆயின், அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவருடைய அறிமுக மடல்களை ஐயுற்றார். இதற்கிடையில் போர் முடிந்து, 1763ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் மீண்டிருந்தது. பாரிசு அறிவியல் கழகமும் புதுச்சேரியையே விரும்பியது. ஆகவே, அவர் மணிலாவிலிருந்து புறப்பட்டு, 1768ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் புதுச்சேரியில் கால்வைத்தார்.

இடிபாடுகளின்மேல் ஆய்வுக்கூடம்

போரில் அழிந்த நகரை மீண்டும் கட்டியெழுப்பும் பணியில் ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் ஈடுபட்டிருந்தார். அவர் லெ ஜான்தியை அன்புடன் வரவேற்று, பழைய மாளிகையின் இடிபாடுகளின்மேல் வானாய்வுக் கூடம் ஒன்றை அமைத்துத் தந்தார். அதன் அடித்தளத்தில் வெடிமருந்து சேமிக்கப்பட்டிருந்தது. அவ்வாபத்தைப் பொருட்படுத்தாமல் அதன் மேலேயே அவர் தம் கருவிகளை நிறுவினார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் சிறந்த தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி உதவினர். எட்டாண்டுகளுக்கு முன் இந்நகரை அழித்த தரப்பினரே இப்போது அதே நகரின் அறிவியல் பணிக்குத் துணைநின்றனர்.

இடைநகர்வுக்கு ஓராண்டுக்கும் மேல் காலம் இருந்தது. அதற்குள் புதுச்சேரியின் அட்சக்கோட்டையும் தீர்க்கக்கோட்டையும் வானை நோக்கித் துல்லியமாகக் கணித்தார். இம்மண்ணின் வானியலையும் கற்கத் தொடங்கினார். தமிழ்க் கணியர்கள் எழுதுகோலின்றிச் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளின் துணையுடன் கிரகணங்களை விரைந்து கணக்கிடுவதைக் கண்டு வியந்தார். 1765ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணக்கு முறையில் போட்டபோது 41 நொடி மட்டுமே குறைந்தது. அக்கால ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளுள் ஒன்றான தோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி போட்டபோது 68 நொடி மிகுந்தது. இதனை லெ ஜான்தி தம் நூலில் மறைக்காமல் பதிவு செய்தார். இந்திய வானியல் குறித்து ஐரோப்பிய அறிஞர்கள் பின்னாளில் ஆராய்வதற்கு அவருடைய குறிப்புகள் பெரிதும் துணைசெய்தன.

அந்த விடியல்

1769ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள். புதுச்சேரியில் சூரியன் எழும்போதே வெள்ளி அதன் வட்டத்துக்குள் இருக்கும். காலை 7 மணிக்குச் சற்று முன்னர் அது வட்டத்தைவிட்டு வெளியேறும். அந்த வெளியேற்றத்தின் நேரத்தைக் குறிப்பதே அவருடைய நோக்கம். முந்தைய நாள்களில் காலை வானம் தெளிவாகவே இருந்தது. முன்னிரவில் ஆளுநரும் அவரும் வியாழனின் துணைக்கோள்களைத் தொலைநோக்கியில் கண்டு மகிழ்ந்தனர்.

நள்ளிரவுக்குப்பின் நிலை மாறியது. அவர் விழித்துப் பார்த்தபோது வானத்தை மேகங்கள் மூடியிருந்தன. விடியலில் காற்று வலுத்தது. கிழக்கே கடலின்மீது மேகத்திரை விலகவில்லை. சூரியன் எழுந்த நேரமும் வெள்ளி வெளியேறிய நேரமும் அத்திரைக்குப் பின்னாலேயே கடந்தன. அதன்பின் மேகம் கலைந்தது. அன்று பகல் முழுவதும் சூரியன் ஒளிர்ந்தது. அவர் விட்டுவந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது என்பதையும் பின்னர் அறிந்தார்.

பல்லாயிரம் கல் பயணமும் ஒன்பதாண்டு உழைப்பும் ஒரு மேகத்தால் பயனற்றுப் போயின. இரண்டு வாரங்களுக்கும் மேலாக அவர் பெருந்துயரில் ஆழ்ந்தார். நிகழ்ந்ததைப் பிரான்சுக்கு எழுதி அனுப்பவும் அவருடைய கை எழவில்லை.

தெரிந்து தெளிவோம்

வெள்ளி இடைநகர்வு எட்டாண்டு இடைவெளியில் இரட்டையாக நிகழும். பின்னர் நூறாண்டுகளுக்கும் மேலாக நிகழாது. 1761, 1769, 1874, 1882, 2004, 2012 ஆகிய ஆண்டுகளில் அது நிகழ்ந்தது. அடுத்த இடைநகர்வு 2117ஆம் ஆண்டில் நிகழும். நிலவில் உள்ள பெரும்பள்ளம் ஒன்றுக்கு லெ ஜான்தியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

ஊசல் சொன்ன செய்தி

லெ ஜான்தி புதுச்சேரியில் செய்த மற்றொரு பணியும் உண்டு. அதற்கு அரிய வானியல் நிகழ்வு எதுவும் தேவையில்லை. மேகமும் அதனைத் தடுக்க இயலாது. ஓர் ஊசலும் பொறுமையும் போதும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு நொடி எடுத்துக்கொள்ளும் ஊசலின் நீளம் இவ்வூரில் எவ்வளவு என்பதை அவர் அளந்தார்.

ஊசலின் நீளத்தை அளப்பது உண்மையில் புவியின் ஈர்ப்பை அளப்பதேயாகும். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் ஊசல் விரைந்தாடும்; குறைந்த இடத்தில் மெதுவாக ஆடும். 1672ஆம் ஆண்டில் ழான் ரிஷே என்னும் பிரெஞ்சு அறிஞர் தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டு சென்ற கடிகாரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது ஈர்ப்பு குறைகிறது என்பதே அதன் பொருள். நியூட்டன் இதற்கு விளக்கம் தந்தார். புவி முழுமையான உருண்டை அன்று. தன்னைத்தானே சுழல்வதால் நடுவில் சற்றுப் புடைத்திருக்கிறது. புவி மையத்திலிருந்து துருவம் 6,357 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நிலநடுக்கோடோ 6,378 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புவியின் நிறை ஒன்றேயாயினும், மையத்திலிருந்து விலகி நிற்பதால் நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு குறைகிறது. புவியின் சுழற்சியும் அதனைக் குறைக்கிறது.

இன்றைய கணக்கின்படி, நொடி ஊசலின் நீளம் பாரிசில் 993.9 மில்லிமீட்டர், புதுச்சேரியில் ஏறத்தாழ 991 மில்லிமீட்டர். வேறுபாடு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆயினும், பாரிசில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தை அப்படியே புதுச்சேரிக்குக் கொண்டுவந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பின்தங்கும். தொலைவு மாறினால் ஈர்ப்பு மாறும் என்னும் விதி, கோடிக்கணக்கான கல் தொலைவில் உள்ள கோள்களுக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரத்துக்கும் உரியது.

இல்லம் திரும்புதல்

1770ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், நோயால் நலிந்த உடலுடன் லெ ஜான்தி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். மொரீசியசிலிருந்து அவர் ஏறிய கப்பல் புயலில் சிக்கித் திரும்பியது. பின்னர் ஸ்பானியக் கப்பல் ஒன்றில் ஸ்பெயினை அடைந்தார். 1771ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் பிரனீசு மலையைக் கடந்து தாய்நாட்டில் கால்வைத்தார். அவர் நாட்டைவிட்டு நீங்கி 11 ஆண்டுகளும் 6 மாதங்களும் 13 நாள்களும் கடந்திருந்தன.

அவர் எழுதிய மடல்கள் பல ஊர் சேராமையால், அவர் இறந்துவிட்டார் என்றே உறவினர் கருதியிருந்தனர். உடைமைகளைப் பங்கிடவும் முற்பட்டிருந்தனர். அறிவியல் கழகத்தில் அவர் வகித்த இடம் வேறொருவருக்குச் சென்றிருந்தது. தம் பொருளை மீட்க அவர் தொடுத்த வழக்கும் தோற்றது. எனினும் அவர் மனம் தளரவில்லை. காலப்போக்கில் கழகத்தில் மீண்டும் இடம் பெற்றார். திருமணம் செய்துகொண்டு, பாரிசு வானாய்வகத்திலேயே மனைவியுடனும் மகளுடனும் அமைதியாக வாழ்ந்தார். தம் பயணத்தையும் ஆய்வுகளையும் இந்தியக் கடற்பயணம் பற்றிய இரு தொகுதிகளாக எழுதி, 1779ஆம் ஆண்டிலும் 1781ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். 1792ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் காலமானார்.

எஞ்சி நின்ற எண்

லெ ஜான்தி காணத் தவறிய காட்சியைப் பிறர் கண்டனர். தஹித்தித் தீவிலும் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் அது பதிவு செய்யப்பட்டது. அப்பதிவுகளைத் தொகுத்து, சூரியன் ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று பிரெஞ்சு அறிஞர் லலாந்து 1771ஆம் ஆண்டில் கணக்கிட்டார். இன்று நாம் அறிந்த தொலைவு 14.96 கோடி கிலோமீட்டர். சூரியக் குடும்பத்தின் வரைபடத்துக்கு அளவுகோல் கிடைத்தது. சூரியனின் நிறையும் அதனால் விளங்கியது. அந்த வெற்றியில் புதுச்சேரிக்குப் பங்கில்லை.

ஆயினும் வேறொரு பட்டியலில் இவ்வூரின் பெயர் நிலைபெற்றது. 1799ஆம் ஆண்டில் லாப்லாஸ் என்னும் பேரறிஞர் விண்ணியக்கவியல் பற்றிய தம் பெருநூலில், புவியின் வடிவத்தைக் கணக்கிட, உலகின் 15 இடங்களில் அளக்கப்பட்ட ஊசல் நீளங்களை வரிசைப்படுத்தினார். பாரிசு, இலண்டன், பீட்டர்சுபர்க்கு ஆகிய நகரங்களுடன் அவ்வரிசையில் புதுச்சேரியும் இடம்பெற்றது. அது லெ ஜான்தி அளந்த எண்ணாகும். அவர் மறைந்து அப்போது ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

வெள்ளியைக் காண்பதற்காகவே அவர் புதுச்சேரிக்கு வந்தார்; அது அவருக்குக் கிட்டவில்லை. காத்திருந்த நாள்களில், பெரிதாக எவரும் எதிர்பாராத பணிகளையும் அவர் அதே கவனத்துடன் செய்தார். ஈர்ப்பு பற்றிய அறிவியலில் இன்றளவும் அவருடைய பெயர் நிற்பதற்கு அப்பணிகளே காரணம். மேகம் எப்போது திரளும் என்பது நம் கையில் இல்லை. காத்திருக்கும் நாள்களில் எதைச் செய்கிறோம் என்பது நம் கையில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, 99 செ.மீ. நீளமுள்ள ஊசல் ஒன்றை அமைத்து, அது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்கிறது என்று கண்டறிந்து வகுப்பறையில் விளக்குக.

2. புவிக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட தொலைவு இப்போதுள்ளதைவிட இரு மடங்கானால் அவற்றுக்கு இடையே உள்ள ஈர்ப்பு விசை எவ்வாறு மாறும் என்பதைக் காரணத்துடன் எழுதுக.

3. நீங்கள் நெடுநாள் முயன்றும் கைகூடாத ஒரு செயலையும், அம்முயற்சியின்போது கற்றுக்கொண்ட வேறொன்றையும் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.